ரோட்டுல மைக் நீட்டப் போறீங்களா? காசை மொதல்ல எதுல போடணும்னு பாப்போம்

பப்ளிக் பைட், அதாவது ரோட்டுல போறவங்ககிட்ட மைக் நீட்டி கருத்து கேக்குற வீடியோ, எடுத்து சேனல் ஆரம்பிக்கலாம்னு வர்றவங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி “ப்ரோ, எந்த கேமரா வாங்கலாம்?”ங்கிறதுதான். கொஞ்சம் அவசரப்பட்ட கேள்வி இது. தியேட்டர் வாசல்ல படம் எப்படி இருக்குன்னு கேக்குறீங்க, மார்க்கெட்ல தக்காளி விலை பத்தி கேக்குறீங்க, எலெக்‌ஷன் நேரத்துல டீக்கடை பெஞ்சுல உக்காந்து யாருக்கு ஓட்டுன்னு கேக்குறீங்க, எதுவா இருந்தாலும் பாக்குறவங்களுக்கு வேண்டியது அந்த ஆள் என்ன சொல்றார்ங்கிறது. படம் லேசா ஆடுனா யாரும் கண்டுக்க மாட்டாங்க, கலர் கொஞ்சம் வெளுத்துப் போயிருந்தா அதையும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா பேசுறது புரியலைன்னா ரெண்டு செகண்ட்ல கட்டைவிரல் மேல தள்ளிட்டுப் போயிரும். அதனால உங்ககிட்ட இப்ப இருக்குற போன் ஓரளவு சுமாரா வீடியோ எடுக்குதுன்னா கேமரா பத்தின பேச்சை அப்படியே தள்ளி வைங்க, கையில இருக்குற பணம் மொதல்ல மைக்குக்குப் போகட்டும்.

ஏன்னு சொல்றேன், இதுல ஒரு சின்ன கணக்கு இருக்கு, அது புரிஞ்சிட்டா கடைக்காரர் எவ்ளோ பேசினாலும் ஏமாற மாட்டீங்க.

வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல இருக்குற தூரம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா மைக்ல விழுற குரல் சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்குற அளவு இது) குறையும். வாய்ல இருந்து 15 சென்டிமீட்டர்ல இருக்குற மைக்கை 30க்கு கொண்டுபோனா 6 குறையும், 60க்கு போனா 12, 120க்கு போனா 18. இந்த 120 சென்டிமீட்டர்ங்கிறது என்ன, நீங்க போனை கையில புடிச்சிக்கிட்டு ஒருத்தரை இடுப்பு வரைக்கும் ஃப்ரேம்ல வச்சு எடுக்குற தூரம்தான். போன்ல இருக்குற மைக் அங்கதான் நிக்குது. ஆனா பஸ் ஹாரன், ஷேர் ஆட்டோ, கரும்பு ஜூஸ் மெஷின், பக்கத்துக் கடை ஸ்பீக்கர்ல ஓடுற பாட்டு, இதெல்லாம் சுத்தி எல்லாப் பக்கத்துல இருந்தும் வர்றது, அது மைக்கை ஒரு மீட்டர் இந்தப் பக்கம் வச்சாலும் அந்தப் பக்கம் வச்சாலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும். அப்ப என்ன ஆகுது, மைக்கை தள்ளி வைக்க வைக்க குரல் மட்டும் இறங்குது, ரோட்டு சத்தம் இருந்த இடத்துலயே இருக்கு.

ஒருத்தர் சாதாரணமா பேசினா ஒரு மீட்டர் தள்ளி சுமார் 60 டெசிபல் வரும், வண்டி ஓடுற மெயின் ரோட்டோரத்துல 75, 80 டெசிபல்லாம் சர்வ சாதாரணம். கணக்கு போட்டுப் பாருங்க, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள கொண்டுவந்தாதான் குரலும் ரோடும் சமமாவே வருது. நல்லவேளை, சத்தமான இடத்துல நாம எல்லாரும் நமக்கே தெரியாம குரலை ஏத்திப் பேசுவோம், நூறு வருஷத்துக்கு முன்னாடியே எத்தியேன் லோம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு காது மூக்கு தொண்டை டாக்டர் இதை கவனிச்சு எழுதியிருக்கார், அவர் பேராலயே லோம்பார்ட் எஃபெக்ட்னு சொல்றாங்க. அது கொஞ்சம் காப்பாத்தும், முழுசா காப்பாத்தாது. கல்யாண வீட்டுல கெட்டிமேளம் அடிக்கும்போது பக்கத்துல இருக்குற மாமா ஏதாவது சொல்லணும்னா காதுகிட்ட குனிஞ்சுதான் சொல்வார் இல்லையா, மைக்கும் அந்த மாதிரி ஒரு காதுதான், அதை வாய்கிட்ட கொண்டுபோக ஒரு வழி பண்றதுக்குத்தான் நாம காசு குடுக்குறோம். மத்ததெல்லாம் அப்புறம்.

இன்னொரு தொல்லையும் இருக்கு. போன்கள்ல ரெக்கார்டிங் அளவை தானா ஏத்தி இறக்குற ஒரு ஏற்பாடு இருக்கும், ஆட்டோ கெயின்னு சொல்வாங்க. பேசுறவர் ஒரு செகண்ட் யோசிக்க நிறுத்தினா போன் “அய்யோ சத்தம் கம்மியாயிருச்சே”ன்னு நினைச்சு எல்லாத்தையும் தூக்கி விடும், அப்ப ரோட்டு இரைச்சல் கடல் அலை மாதிரி பொங்கி வரும், மறுபடி பேச ஆரம்பிச்சா அமுங்கும். எடிட்ல பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க. இப்ப ஏஐ வச்சு இரைச்சலை எடுக்குற டூல் நிறைய இருக்கு, வேலை செய்யுது, இல்லைன்னு சொல்லல, ஆனா குரலும் ரோடும் சம அளவுல கலந்து கெடக்குற ரெக்கார்டிங்கை குடுத்தா இரைச்சலோட சேத்து வார்த்தையோட கடைசியையும் முழுங்கிரும், வந்தானா வந்தாளான்னே தெரியாது.

சரி, மைக்ல என்னென்ன இருக்கு.

மொதல்ல வயர் காலர் மைக், லேப்பல்னும் சொல்வாங்க. ஆயிரம் ரூபாய்க்கு உள்ளயே நல்லது கிடைக்கும், போயா கம்பெனியோட பிஒய்-எம்1 மாடல் ரொம்ப நாளா எல்லாரும் ஆரம்பிக்கிற மைக், 6 மீட்டர் வயர் வரும், எல்ஆர்44ன்னு ஒரு பட்டன் பேட்டரி போடணும், போனா கேமராவான்னு மாத்துறதுக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதோட குரல் தரம் அதைவிட ரெண்டு மூணு மடங்கு விலை இருக்குற சில வயர்லெஸ் செட்டோட மோதும், இதை நான் தயங்காம சொல்வேன். குறை என்னன்னா 6 மீட்டர் வயர் ரோட்டுல கால்ல சுத்தும். ரெண்டாவது, ரோட்டுல போற ஒருத்தரை நிறுத்தி, “அண்ணா ஒரு நிமிஷம்”னு சொல்லி, அவர் சட்டைல கிளிப் மாட்டி வயரை சரி பண்றதுக்குள்ள அவருக்கு பஸ் வந்துரும். பொண்ணுங்ககிட்ட, புடவை கட்டின அம்மாங்ககிட்ட நீங்களா போய் கிளிப் மாட்டவும் கூடாது, அவங்களே மாட்டிக்கிட்டா சரி. உக்காந்து பேசுற பைட்டுக்கு காலர் நல்லது, நடந்து போறவங்களை நிறுத்திக் கேக்குறதுக்கு அது சரிப்படாது.

அதனாலதான் நியூஸ் சேனல்காரங்க கையில புடிக்கிற மைக்கை விடவே மாட்டாங்க. லோகோ பெட்டி மாட்டுறதுக்காக மட்டும்னு நினைச்சா தப்பு. கை மைக் இருந்தா வேகமா ஆள் மாறலாம், கேள்வி கேக்கும்போது உங்க வாய்க்கும் பதில் சொல்லும்போது அவங்க வாய்க்கும் திருப்பலாம், ஒருத்தர் அரசியல் பேச ஆரம்பிச்சு நிக்கவே மாட்டேங்குறார்னா மைக்கை மெதுவா உங்க பக்கம் இழுத்துட்டு “ரொம்ப நன்றிங்க அண்ணே”ன்னு முடிக்கலாம். இதுல மறக்கக்கூடாத விஷயம், மைக்கை அவங்க கையில குடுத்துறாதீங்க. குடுத்தா ரெண்டு கெடுதல், ஒண்ணு அதை வயித்துகிட்ட புடிச்சுக்கிட்டு பேசுவாங்க, ரெண்டாவது திருப்பி வாங்குறதுக்குள்ள விடிஞ்சிரும்.

கை மைக்ல டைனமிக்னு ஒரு வகை இருக்கு, மேடையில பாக்குறது எல்லாம் பெரும்பாலும் அதுதான், ஷூர் கம்பெனியோட எஸ்எம்58 1966ல வந்தது, இன்னைக்கும் வித்துக்கிட்டு இருக்கு. “டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை எடுக்காது”ன்னு கடைல சொல்வாங்க, அது பாதிதான் உண்மை. அதை எல்லாரும் வாயை ஒட்டி வச்சுப் பேசுறாங்க, அதனாலதான் வெளிச் சத்தம் கம்மியா தெரியுது, அதே மைக்கை ஒரு மீட்டர் தள்ளி வச்சா அதுவும் ரோட்டைத்தான் எடுக்கும். இன்னொண்ணு, மேடை மைக் பெரும்பாலும் முன்பக்கம் வர்ற குரலை மட்டும் நல்லா எடுக்குற கார்டியாய்ட் வகை, ரிப்போர்ட்டர்களுக்குன்னே செஞ்ச எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ50 மாதிரி மைக் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எடுக்குற ஆம்னி வகை. ரோட்டுல ஆம்னி எதுக்குன்னு தோணும், காரணம் இருக்கு, அவசரத்துல மைக்கை கோணலா நீட்டினாலும் குரல் மங்காது, கை உரசுற சத்தமும் காத்து சத்தமும் கம்மியா வரும்.

ஆனா இந்த டைனமிக் மைக்கை நேரா போன்ல சொருகிரலாம்னு நினைக்காதீங்க. கோவில் திருவிழாவுக்கு வாங்கின அகுஜா மைக் வீட்டுல சும்மா இருக்கேன்னு ரெண்டு கன்வெர்ட்டர் பின் வாங்கி போன்ல மாட்டுறவங்க இருக்காங்க. டைனமிக் மைக்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்ப சன்னமானது, அதைத் தூக்கி விட நடுவுல ஒரு ப்ரீஆம்ப் வேணும், அது ஒரு தனிச் செலவு, தனிச் சுமை. புதுசா ஆரம்பிக்கிறவங்க அந்தப் பக்கம் போக வேண்டாம்.

போன் மேல மாட்டுற, நீளக் குழாய் மாதிரி இருக்குற சின்ன ஷாட்கன் மைக் பத்தி ஒரு வரி. அது தூரத்துக் குரலை இழுத்துட்டு வராது. வேற பக்கத்துல இருந்து வர்ற சத்தத்தை கொஞ்சம் குறைக்கும், அவ்ளோதான், இன்னமும் அது வாய்ல இருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் நிக்குது. அமைதியான பார்க்ல சரி, பேருந்து நிலையத்துல காசு வேஸ்ட்.

இப்ப நிறைய பேர் போறது வயர்லெஸ் கிளிப் மைக்குக்கு. ரோட் கம்பெனி 2019ல வயர்லெஸ் கோன்னு தீப்பெட்டி சைஸ்ல ஒண்ணு விட்டதுக்கு அப்புறம்தான் இந்த வகை பரவுச்சு, பின்னாடி டிஜேஐ, ஹாலிலேண்ட், போயான்னு எல்லாரும் இறங்கிட்டாங்க, 2024 கடைசில வந்த டிஜேஐ மைக் மினியோட ட்ரான்ஸ்மிட்டர் எடை வெறும் 10 கிராம். ட்ரான்ஸ்மிட்டர்ங்கிறது குரல் எடுக்குற துண்டு, ரிசீவர்ங்கிறது போன்ல சொருகுற துண்டு. இதை சட்டைல மாட்டத்தான் வேணும்னு இல்ல, கையில புடிச்சு நீட்டலாம், ஒரு சின்ன கைப்பிடி அடாப்டர் வாங்கி அதுல மாட்டி கை மைக் மாதிரியே பாவிக்கலாம், நான் சொல்றது இந்த கைப்பிடி வழியைத்தான். செட்ல ரெண்டு ட்ரான்ஸ்மிட்டர் வந்தா ஒண்ணை உங்க சட்டைல மாட்டிக்கோங்க, இன்னொண்ணு பதில் சொல்றவங்களுக்கு.

இதுலயும் சில விஷயம் தெரிஞ்சிருக்கணும். இந்த செட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது, வைஃபையும் ப்ளூடூத்தும் ஓடுறதும் அதே இடத்துலதான். பெட்டில 100 மீட்டர், 200 மீட்டர்னு போட்டிருப்பாங்க, அது நடுவுல ஒரு தடங்கலும் இல்லாத வெட்டவெளில. மனுஷ உடம்புல பெரும்பகுதி தண்ணி, தண்ணி இந்த அலையை உறிஞ்சிரும், அதனால மைக்கை மாட்டினவர் திரும்பி நின்னாலோ நடுவுல கூட்டம் பூந்தாலோ சத்தம் விட்டு விட்டு வரும். ரோட்டு பைட்ல ரெண்டு மீட்டருக்கு மேல தள்ளி நிக்கப் போறதில்ல, அதனால தூரத்துக்காக அதிக காசு குடுக்க வேண்டிய தேவையே இல்ல. ஆளுக்கு நேரா, ரிசீவர் தெரியுற மாதிரி மைக்கை வச்சா போதும்.

ஐநூறு அறுநூறுக்கு கே8, கே9னு பேர் போட்ட வயர்லெஸ் மைக் பெட்டி எல்லா மொபைல் கடையிலயும் தொங்கும். எடுத்த எடுப்புல மோசம்னு சொல்ல மாட்டேன், சும்மா பழகிப் பாக்க ஓகே. ஆனா ஒரே பேர்ல பல பேர் செஞ்சு விக்கிறாங்க, அதனால ஒரு பெட்டி நல்லா இருக்கும், அடுத்த பெட்டி டப்பாவுக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். அதுல ஒரு நாய்ஸ் கேன்சல் பட்டன் இருந்தா அதை அமுக்கி ஒரு தடவை, அமுக்காம ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, பல சமயம் அமுக்கினா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும். சென்னைல இருக்குறவங்க ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்குறீங்கன்னா ஒரு வசதி, கடைக்கு வெளியவே வண்டியும் கூட்டமும் இருக்கு, கடை வாசல்ல நின்னு ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி வயர் இயர்போன் மாட்டி கேட்டுப் பாத்துட்டு வாங்குங்க. ஏசி ஷோரூம் உள்ள நின்னு “ஹலோ ஹலோ”ன்னு டெஸ்ட் பண்ணினா எல்லா மைக்கும் நல்லாத்தான் இருக்கும்.

ப்ளூடூத் நெக்பேண்ட் இருக்கே, அதையே மைக்கா வச்சுக்கலாமான்னு கேப்பாங்க. வேணாம். ப்ளூடூத் மைக்கை திறந்தா பெரும்பாலும் அது போன் கால் மோடுக்குப் போயிரும், குரலோட மேல் பாகமெல்லாம் வெட்டுப்பட்டு பழைய டெலிபோன் மாதிரி கேக்கும்.

வாங்கியாச்சு, போன்ல சேருதான்னு பாக்கணும், தலைவலி ஆரம்பிக்கிற இடம் இதுதான். வட்டப் பின் இருக்குற மைக்னா பின்ல இருக்குற கறுப்பு வளையத்தை எண்ணுங்க. மூணு வளையம் இருந்தா போனுக்கு, ரெண்டு இருந்தா கேமராவுக்கு. ரெண்டு வளையப் பின்னை போன்ல சொருகினா போன் அதை ஹெட்போன்னு நினைச்சுக்கும், மைக்கா எடுத்துக்காது, நடுவுல ஒரு கன்வெர்ட்டர் வேணும். புது போன்கள்ல வட்ட ஓட்டையே இல்ல, யூஎஸ்பி சி ரிசீவர் வாங்குறதுதான் நல்லது, ஐபோன்லயும் 2023ல வந்த 15ல இருந்து யூஎஸ்பி சிதான், அதுக்கு முந்தினதுக்கு லைட்னிங் பின். ஓப்போ, ரியல்மி மாதிரி சில போன்கள்ல ஓடிஜின்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை ஆன் பண்ணாம ரிசீவருக்கு கரண்டே போகாது, ஆன் பண்ணி வச்சாலும் பத்து நிமிஷம் சும்மா இருந்தா தானா ஆஃப் ஆயிரும். ஆள் தேடி அலைஞ்சிட்டு அடுத்தவரை புடிக்கும்போது மைக் செத்திருக்கும், ஒவ்வொரு ஆளுக்கு முன்னாடியும் ரிசீவர் லைட் எரியுதான்னு ஒரு பார்வை பாத்துருங்க.

அப்புறம் ஆப். சில ஆண்ட்ராய்டு போன்கள்ல கூடவே வர்ற கேமரா ஆப் வெளி மைக்கை மதிக்கவே மதிக்காது, மைக் சொருகி இருந்தாலும் போன் மைக்லயே ரெக்கார்ட் பண்ணிட்டு இருக்கும். ஓப்பன் கேமரான்னு ஒரு இலவச ஆப் இருக்கு, அதுல ஆடியோ சோர்ஸ்ங்கிற இடத்துல வெளி மைக்கை தேர்ந்தெடுக்கலாம். பிளாக்மேஜிக் கேமரா ஆப்பும் இலவசம், ஐபோனுக்கு 2023லயும் ஆண்ட்ராய்டுக்கு 2024லயும் வந்தது, எல்லா ஆண்ட்ராய்டுலயும் ஓடாது, ஓடுற போன்ல சத்த அளவு மீட்டரெல்லாம் திரையிலயே காட்டும். எந்த மைக்ல ரெக்கார்ட் ஆகுதுன்னு சந்தேகமா இருந்தா ரொம்ப சுலபமான சோதனை இருக்கு, ரெக்கார்ட் போட்டுட்டு வெளி மைக்கை நகத்தால சுரண்டுங்க, அப்புறம் போன் அடிப்பக்கத்தை சுரண்டுங்க, திருப்பி ஓட விட்டு எந்த சுரண்டல் பெருசா கேக்குதுன்னு பாருங்க. பத்து செகண்ட் வேலை.

ஆப்ல சத்த அளவு மீட்டர் இருந்தா (அதுல 0தான் மேல் வரம்பு, அதுக்குக் கீழ மைனஸ்ல போகும்) குரல் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கிற மாதிரி வைங்க, சிவப்பு தொட்டா உடைஞ்ச சத்தம், அதை சரி பண்ணவே முடியாது. அளவு பாக்க “ஒன் டூ த்ரீ சொல்லுங்க”ன்னு கேக்காதீங்க, எல்லாரும் மெதுவா சொல்வாங்க. “காலைல என்ன சாப்பிட்டீங்க”ன்னு கேளுங்க, சாதாரணக் குரல்ல பேசுவாங்க, பயமும் போகும். சிரிக்கும்போதும் திட்டும்போதும் குரல் எகிறும், அதுக்கு இடம் விட்டு வைங்க.

காத்து. மெரினாலயோ பெசன்ட் நகர் பீச்லயோ சாயங்காலம் எடுக்கப் போறவங்க இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, மைக் மேல இருக்குற கறுப்பு ஸ்பாஞ்ச் கடல் காத்துக்குப் பத்தாது. ஸ்பாஞ்ச் வாய்ல இருந்து வர்ற “ப”, “ப்பு” காத்தைத் தடுக்கும், வெளிக் காத்துக்கு முடி முடியா இருக்குற பர் கவர் வேணும், டெட் கேட்னு சொல்வாங்க, பேர் கொடூரமா இருந்தாலும் விலை கம்மி, நிறைய வயர்லெஸ் செட்ல கூடவே வரும். காத்து நேரா மைக்குக்குள்ள இருக்குற மெல்லிய சவ்வுல மோதும்போது வர்ற “டொப டொப” சத்தம் எடிட்ல போகாது. பர் கவர் தொலைஞ்சு போச்சுன்னா காத்து வர்ற பக்கம் உங்க முதுகைக் காட்டி நில்லுங்க, உங்க உடம்பே தடுப்பு.

இப்ப போன் பக்கம் வருவோம், இதை சுருக்கமா முடிச்சிடலாம். பின் கேமரால எடுங்க, செல்ஃபி கேமரால வேணாம். லென்ஸை சட்டை நுனியால தொடைங்க, பாக்கெட்ல இருந்து எடுத்த போன்ல எப்பவும் எண்ணெய்க் கறை இருக்கும், பாதி “க்ளாரிட்டி இல்ல” புகார் அதனாலதான். 1080பி போதும், ஷார்ட்ஸ்ல பாக்குற யாருக்கும் 4கே வித்தியாசம் தெரியப் போறதில்ல, ஸ்டோரேஜ் மட்டும் காலி ஆகும். ஐபோன் கணக்குல 1080பி 30 ஃப்ரேம்ல ஒரு நிமிஷத்துக்கு 60 எம்பில இருந்து 130 எம்பி, 4கேல 170ல இருந்து 350 எம்பி வரைக்கும் போகும். ஏப்ரல் மே வெயில்ல 4கே எடுத்தா போன் சூடாகி ஆப் நின்னு போறதும் நடக்கும்.

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால டியூப் லைட்டும் மட்டமான எல்இடியும் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். போன் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சத்தை உள்ள விடுற நேரம், அதோட ஒத்துப் போகலைன்னா படத்துல பட்டை பட்டையா ஓடும், ராத்திரி கடைவீதில எடுக்குறவங்க இதை பாத்திருப்பீங்க. ஆப்ல ஷட்டரை 1/50 செகண்ட்லயோ 1/100 செகண்ட்லயோ நிறுத்த முடிஞ்சா பட்டை போயிரும், கூடவே 25 ஃப்ரேம் வச்சா இன்னும் நல்லது. விளம்பர எல்இடி போர்டு வேற கணக்குல துடிக்கும், அதை ஃப்ரேம்ல வராம பாத்துக்கோங்க.

முகம் கறுத்துப் போறது இன்னொரு பொதுவான குறை. வானத்தை பின்னாடி வச்சு ஆளை நிறுத்தினா போன் வெள்ளை வானத்துக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்தை குறைச்சிரும், முகம் இருட்டாயிரும். ஆளை அப்படியே பாதி திருப்பி, பின்னாடி சுவரோ மரமோ வர்ற மாதிரி நிறுத்துங்க, அப்புறம் திரையில அவர் முகத்து மேல விரலை அழுத்திப் புடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும். மத்தியான வெயில்ல எடுக்கவே கூடாதுன்னு இல்ல, கடை முன்னாடி இருக்குற நிழல்ல, நிழலோட ஓரத்துல, முகம் ரோட்டைப் பாக்குற மாதிரி நிறுத்தினா லைட் வாங்கவே வேண்டாம், ஓசில கிடைக்கிற வெளிச்சம் அது. ராத்திரி ஷோ முடிஞ்சு வர்றவங்களை எடுக்கணும்னா மட்டும் போன்ல கிளிப் பண்ற சின்ன எல்இடி பேனல் ஒண்ணு வாங்கிக்கோங்க, அதுவும் அளவை குறைச்சு வச்சு, மூஞ்சில அடிச்சு கண்ணைக் கூச வைக்காம.

ஃப்ளைட் மோட் போட மறக்காதீங்க, நடுவுல கால் வந்தா ரெக்கார்டிங் நின்னு போகலாம். ஃப்ளைட் மோட்ல வைஃபையும் சேந்து அணைஞ்சா வயர்லெஸ் மைக்குக்கும் நல்லது. கிம்பல், அதாவது கை ஆட்டம் படத்துல தெரியாம போனைத் தாங்குற கைப்பிடி, வாங்கணுமான்னா, இப்போதைக்கு வேணாம்னுதான் சொல்வேன். நின்னு பேசுற ஆளை நின்னு எடுக்குறதுக்கு கிம்பல் எதுக்கு, போனை ரெண்டு கையாலயும் புடிச்சு முழங்கையை விலாவோட ஒட்டி வச்சா போதும். அந்தக் காசுக்கு ஒரு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்குங்க, இல்ல ஒரு ஃப்ரெண்டுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்து கூட கூட்டிட்டுப் போங்க, ஒருத்தர் கேக்க ஒருத்தர் எடுக்கன்னு ரெண்டு பேர் இருக்குறது எந்த கருவியை விடவும் பெரிய வசதி.

மொத்தமா எவ்ளோ ஆகும்? ரெண்டாயிரத்துக்குள்ளதான் முடியும்னா வயர் காலர் மைக், பர் கவர், தேவைப்பட்டா ஒரு கன்வெர்ட்டர், வயரை சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு மைக்கை கையில புடிச்சு நீட்டுங்க, அசிங்கமா தெரியும், குரல் அருமையா வரும். கொஞ்சம் ஏத்த முடியும்னா ஓரளவு பேர் தெரிஞ்ச கம்பெனியோட ரெண்டு ட்ரான்ஸ்மிட்டர் வயர்லெஸ் செட், கைப்பிடி அடாப்டர், பவர் பேங்க், விலை வாரா வாரம் ஏறி இறங்குறதால வாங்குற அன்னைக்கு நாலு இடத்துல பாத்துக்கோங்க. கூடுதல் பணம் இருந்தா மைக்லயே ட்ரான்ஸ்மிட்டருக்குள்ள ரெக்கார்ட் ஆகுற மாடலா பாருங்க, சிக்னல் விட்டுப் போனாலும் மைக்குக்குள்ள குரல் பத்திரமா இருக்கும், கூட்டமான இடத்துல எடுக்குறவங்களுக்கு அது உண்மையாவே உதவும். 32 பிட் ஃப்ளோட்னு ஒரு வார்த்தை சொல்லி இன்னும் காசு கேப்பாங்க, குரல் எகிறி உடைஞ்சாலும் மீட்டுக்கலாம்ங்கிற வசதி அது, இருந்தா நல்லது, அதுக்காகவே வாங்காதீங்க.

கேமரா ஆசை விடலைன்னா, 2023ல வந்த டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 இந்த வேலைக்கு ஏத்தது, ஒரு இன்ச் சென்சார், கிம்பல் உள்ளயே இருக்கு, ஆளுங்களும் மிரள மாட்டாங்க. பெரிய மிரர்லெஸ் கேமராவை நீட்டினா பாதிப் பேர் “எந்த டிவி சார்?”னு கேட்டுட்டு ஒதுங்கிப் போயிருவாங்க, மீதிப் பேர் மேடைல பேசுற மாதிரி பேசுவாங்க, போன்ல எடுத்தா வீட்டுல பேசுற மாதிரி பேசுறாங்க, இது இந்த வேலையில இருக்குற எல்லாருக்கும் தெரியும். அப்படியும் ஒரு தடவை பெரிய கேமரால எடுத்துப் பாக்கணும்னா வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஒரு நாள் வாடகைக்கு குடுக்குற கடைகள் இருக்கு, எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கருவியோட சேத்து சொல்ல வேண்டியது ஒண்ணு. ரயில்வே ஸ்டேஷன், மெட்ரோ, ஏர்போர்ட் உள்ள அனுமதி இல்லாம எடுக்காதீங்க, கேமராவை பிடுங்கி வச்சா மொத்த முதலும் போச்சு. எந்த இடமா இருந்தாலும் எதுக்காக எடுக்குறோம், எங்க போடப் போறோம்னு சொல்லிட்டு, “பேசலாமா அக்கா?”ன்னு கேட்டு அவங்க சரின்னு சொல்றதையும் ரெக்கார்டிங்லயே புடிச்சு வைங்க. சின்னப் பசங்கன்னா அப்பா அம்மா பக்கத்துல இருந்து சம்மதிச்சா மட்டும்.

இடத்தை விட்டு கிளம்புறதுக்கு முன்னாடி யாரும் பேசாம முப்பது செகண்ட் அந்த ரோட்டு சத்தத்தை மட்டும் ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, எடிட்ல ரெண்டு பதிலை வெட்டி ஒட்டும்போது நடுவுல பள்ளம் விழாம நிரப்ப அதுதான் உதவும். எடிட் பண்றவர் வேற ஆளா இருந்தா க்ளிப்பை வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாதீங்க, அது நசுக்கி அனுப்பும், டாக்குமென்டா அனுப்புங்க, இல்ல கேபிள் போட்டு காப்பி பண்ணிக் குடுங்க. அன்னைக்கு மொதல் ஆள்கிட்ட எடுத்த க்ளிப்பை மட்டும் அவர் நகர்றதுக்குள்ள வயர் இயர்போன்ல பத்து செகண்ட் கேட்டுருங்க, குரல் வரலைன்னா “அண்ணே, மன்னிச்சுக்கோங்க, இன்னொரு தடவை சொல்றீங்களா”ன்னு கேக்க அவர் இன்னும் பக்கத்துலதான் இருப்பார்.